மண்ணெண்ணெயும் மசகெண்ணெயும்
வன்னி நிலத்து இயந்திரங்களின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

நாடுகளின் வரலாற்றை எழுதுவோர் மன்னரையும் போர்களையும் உடன்படிக்கைகளையும் முதற்கண் வைத்து எழுதுதல் வழக்கம். மக்களின் அன்றாட வாழ்வைத் தாங்கி நின்ற சிறு பொருள்களின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படாமலே மறைந்துவிடுகின்றது. அவ்வாறு மறையத்தகாத பொருள்களுள் இயந்திரத்தின் உட்புறத்தே ஓடும் எண்ணெயும் ஒன்றாகும். 1990ஆம் ஆண்டு முதல் 2002ஆம் ஆண்டு வரை வன்னிப் பெருநிலத்தில் மோட்டார் வண்டியும் உழவு இயந்திரமும் நீரிறைக்கும் பம்பியும் எவ்வாறு ஓடின, அவ்வாறு ஓடியதற்கு அவை கொடுத்த விலை யாது என்னும் வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். அவ்விடை, எண்ணெயின் தரமும் பிசுக்குமையும் இயந்திரத்தைத் தேய்விலிருந்து காக்கும் முறையை அறிந்தாலன்றி விளங்காது. ஆதலின் அறிவியலும் வரலாறும் ஈண்டு ஒருங்கே நோக்கப்படுகின்றன.

மசகு என்னும் சொல்

மசகு என்பது மோட்டார் வண்டியோடு வந்த சொல் அன்று. வைக்கோலைக் கரியாக்கி எண்ணெயிற் குழைத்து மாட்டு வண்டியின் அச்சுக்கு இடும் கரிய மையையே முன்னோர் மசகு என்றனர். இக்காலச் செய்தித்தாள்கள் நிலத்தினின்றும் எடுக்கப்படும் பருவெண்ணெயையும் மசகெண்ணெய் எனக் குறிப்பிடுவதுண்டு. இக்கட்டுரையில் அச்சொல் இயந்திரங்களுக்கு இடும் எண்ணெயை, அஃதாவது மக்கள் வழக்கில் எஞ்சின் ஒயில் எனப்படுவதனை மட்டுமே குறிக்கும்.

வண்டி மசகின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. எண்ணெய் மட்டும் இடப்படின் அது வெயிலில் இளகி அச்சினின்றும் வழிந்துவிடும். கரியோடு குழைத்தபோது அது தடித்து அச்சிலே தங்கியது. எண்ணெய் வழுக்கவும் வேண்டும், வேண்டிய இடத்தில் நிற்கவும் வேண்டும் என்னும் இரு தேவைகளையும் வண்டிக்காரர் நன்கறிந்திருந்தனர். பிற்காலத்து அறிவியலறிஞர் பிசுக்குமை எனப் பெயரிட்டு அளந்ததும் இதனையே.

பிசுக்குமை பற்றிய ஆராய்ச்சி

ஒரு திரவம் ஓடுதற்குத் தன்னுள்ளே காட்டும் எதிர்ப்பே பிசுக்குமையாகும். தேன் மெல்ல ஓடுகின்றது. நீர் விரைந்து ஓடுகின்றது. தேனின் பிசுக்குமை மிகுதி, நீரின் பிசுக்குமை குறைவு. இப்பண்பு இயந்திரத்தின் ஆயுளோடு தொடர்புடையது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேதான் தெளிவாயிற்று.

1883ஆம் ஆண்டில் ரஷ்ய அறிஞர் நிக்கொலாய் பெத்ரோவ், தாங்கியில் தோன்றும் உராய்வை எண்ணெயின் பிசுக்குமையோடு தொடர்புபடுத்திக் காட்டினார். அதே காலத்தில் இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்பவர் இயந்திரப் பொறியியலாளர் நிறுவனத்தின் பொருட்டுத் தாங்கிகளை ஆராய்ந்தார். எண்ணெய் விடுதற்காகத் தாங்கியின் மேற்புறத்தில் அவர் இட்ட துளையின் வழியாக, அச்சு சுழலும்போது எண்ணெய் மேல்நோக்கிப் பொங்கி வழிந்தது. துளையைத் தக்கையால் அடைத்தார். எண்ணெய் அதனை வெளியே தள்ளிற்று. மர ஆப்பு இட்டார், அதுவும் தள்ளப்பட்டது. சுழலும் அச்சு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச் சென்று பேரமுக்கத்தை உண்டாக்குகின்றது என்பது இதனாற் புலனாயிற்று. 1886இல் ஒஸ்போர்ன் றெய்னோல்ட்ஸ் இதற்குக் கணித விளக்கம் தந்தார்.

இவ்வாராய்ச்சிகளின் சாரம் வருமாறு: நன்கு இயங்கும் தாங்கியில் உலோகத்தை உலோகம் தொடுவதில்லை. இரண்டற்கும் இடையே எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று சுமையைத் தாங்குகின்றது. ஓடும் எஞ்சினின் தாங்கிகளில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்திற் சில கூறுகளே. தலைமயிரிலும் பன்மடங்கு மெல்லியது. பிசுக்குமையும் வேகமும் கூடினால் அது தடிக்கும். சுமை கூடினால் மெலியும். பிசுக்குமை அளவுக்கு மேற் குறையின் படலம் அறுந்து உலோகம் உலோகத்தை உரசும். அவ்வுரசலே தேய்வு.

எனினும் தடித்த எண்ணெயே சிறந்தது என முடிவு செய்தல் பிழையாகும். மிகத் தடித்த எண்ணெய் ஒடுங்கிய வழிகளில் விரைந்து புகாது. இயந்திரம் தொடங்கிய முதற் கணங்களில் மேலுறுப்புகள் எண்ணெயின்றிச் சுழல நேரும். எண்ணெயைக் கலக்குவதிலேயே ஆற்றல் வீணாகி வெப்பம் மிகும். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் அதன் இடைவெளிகளுக்கும் சுமைக்கும் ஏற்ற அளவொன்று உண்டு. இவ்வளவுகளை வகைப்படுத்தவே 1911இல் அமெரிக்க மோட்டார் பொறியியலாளர் சங்கம் எஸ்.ஏ.ஈ. எண்களை வகுத்தது. இன்றைய வரையறைப்படி 100 பாகை செல்சியசில் 9.3 முதல் 12.5க்கு உட்பட்ட சென்ரிஸ்ரோக்ஸ் பிசுக்குமை உடையது 30ஆம் இலக்க எண்ணெய், 12.5 முதல் 16.3க்கு உட்பட்டது 40ஆம் இலக்க எண்ணெய். குளிர் நாடுகளில் உறைபனியிலும் எண்ணெய் ஓடவேண்டியிருத்தலின் பல்தர எண்ணெய்கள் அங்கே இன்றியமையாதனவாயின. உறைபனி காணாத வன்னியில் 30, 40 ஆகிய ஒற்றைத் தர எண்ணெய்களே நெடுங்காலம் போதியனவாயிருந்தன.

பிசுக்குமை வேறு, தரம் வேறு என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது. முசலம் உருளையின் மேலெல்லையிலும் கீழெல்லையிலும் ஒரு கணம் நின்று திரும்புகின்றது. அவ்விடத்தில் வேகம் இன்மையால் படலம் மெலிந்து அறும். அப்போது உலோகத்தைக் காப்பன எண்ணெயிற் சேர்க்கப்படும் வேதிப் பொருள்களே. 1940கள் முதல் இதற்குப் பெரிதும் பயன்பட்டு வருவது நாகமும் பொசுபரசும் கந்தகமும் அடங்கிய சேர்வையொன்றாகும். எரிதலால் விளையும் அமிலத்தை நடுநிலையாக்குதலும், கரியைத் திரளவிடாது சுமந்து நிற்றலும், வெப்பத்தில் எண்ணெய் கெடாது காத்தலும் பிற சேர்க்கைகளின் தொழில்களாம். ஒரே இலக்கமுடைய இரண்டு எண்ணெய்களுள் ஒன்று இயந்திரத்தைக் காப்பதும் மற்றொன்று காவாது விடுவதும் இத்தர வேறுபாட்டினாலேயே.

இயந்திரம் வன்னி புகுந்தமை

1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முற்றுப்பெற்றபோது வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி ஆகிய இடங்களின் வழியே நீராவி இயந்திரம் ஓடலாயிற்று. இரணைமடுக் குளத்தின் நீரைக் கொண்டு கிளிநொச்சியிற் குடியேற்றங்கள் பெருகியபின், 1950களிலும் 1960களிலும் உழவு இயந்திரங்கள் வயல்களுக்கு வந்தன. பெர்குசன், போட்சன் என்னும் பெயர்கள் உழவர் நாவிற் பயின்றன. இருசில்லு உழவு இயந்திரம் லாண்ட்மாஸ்ரர் என்ற வணிகப் பெயராலேயே பொதுவாக வழங்கலாயிற்று. தோட்டங்களில் வூல்ஸ்லி, வில்லியர்ஸ் முதலிய நீரிறைக்கும் இயந்திரங்கள் துலாவின் இடத்தைப் பிடித்தன.

இவ்வியந்திரங்களுட் பல மண்ணெண்ணெயில் ஓடுமாறே அமைக்கப்பட்டவை. பெற்றோலாலே தொடங்கி, எஞ்சின் சூடேறியதும் வாயிலைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது அவற்றை இயக்கும் முறை. பிரித்தானியாவில் வரி குறைந்த கனரக ஆவியெண்ணெயில் ஓடுமாறு பெர்குசன் நிறுவனமும் போட்சன் நிறுவனமும் உழவு இயந்திரங்களைச் செய்தன. எரியாது எஞ்சிய எண்ணெய் முசல வளையங்களைக் கடந்து கீழ்த்தொட்டியில் இறங்கி மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும் என்பதனையும், ஆதலின் பெற்றோல் எஞ்சினைக் காட்டிலும் அடிக்கடி எண்ணெய் மாற்றல் வேண்டும் என்பதனையும் அக்காலத்து உழவர் அறிந்திருந்தனர். பிற்காலத்தே வன்னி மக்கள் கைக்கொண்ட முறை திடீரெனத் தோன்றிய புதுமை அன்று. தந்தையர் தோட்டக் கிணற்றடியிற் கற்ற பாடத்தை மைந்தர் நெருக்கடியில் நினைவுகூர்ந்தனர் என்பதே பொருந்தும்.

தடைக்காலம்

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபின், அரசின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட வடபகுதிக்குப் பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, பசளை முதலிய பல பொருள்கள் கொண்டுசெல்லப்படுதல் தடைசெய்யப்பட்டது. மின்சாரம் நின்றது. புகையிரதம் வவுனியாவுக்கு அப்பால் ஓடவில்லை. மக்களின் விளக்குக்கும் அடுப்புக்கும் என மண்ணெண்ணெய் மட்டும் மட்டுப்பட்ட அளவில் வந்தது. அம்மண்ணெண்ணெயே விளக்கிலும் எரிந்தது, வண்டியிலும் எரிந்தது. வண்டியில் ஊற்றப்பட்ட ஒவ்வொரு போத்தலும் ஒரு வீட்டின் விளக்கிலிருந்து எடுக்கப்பட்டது எனலாம். குப்பி விளக்கின் முன்னிருந்து பரீட்சைக்குப் படித்த மாணவரும், நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வண்டி தேடிய பெற்றோரும் ஒரே எண்ணெயை நம்பியிருந்தனர்.

பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓட்டுதலில் இடர்கள் இரண்டு. பெற்றோல் ஏறத்தாழ 30 பாகை செல்சியசிலிருந்தே ஆவியாகத் தொடங்கும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகைக்கு மேலேயே ஆவியாகும். ஆதலின் குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயால் தொடங்காது. இதற்காகச் சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் இட்டு எஞ்சினை எழுப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர். பெற்றோல் மருந்துபோல் துளி கணக்கில் அளந்து பயன்படுத்தப்பட்டது. இரண்டாவது இடர், மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது உரிய காலத்துக்கு முன்னரே வெடித்து எஞ்சினைத் தட்டச் செய்வதாகும். அழுத்த விகிதம் கூடிய புதிய வண்டிகள் இதனைத் தாங்கமாட்டா. 1940களிலும் 1950களிலும் செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ-40, மொரிஸ் மைனர் போன்ற வண்டிகளின் அழுத்த விகிதமோ 7க்கு 1 என்னும் அளவை அண்டியது. வேறிடங்களிற் பழம்பொருளாய் ஒதுக்கப்பட்ட இவ்வண்டிகள் வடபகுதித் தெருக்களிற் புத்துயிர் பெற்றமைக்குக் காரணம் இதுவே. புதுமையின் குறைவே அவற்றின் வலிமையாயிற்று.

எண்ணெய் நீர்த்தமை

எரிபொருளுக்கு மாற்றுக் காணப்பட்டது. மசகெண்ணெய்க்கோ அவ்வாறு எளிதில் மாற்றுக் காணமுடியவில்லை. இலங்கையில் 1961ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டு, 1969இல் சப்புகஸ்கந்தையிற் சுத்திகரிப்பு ஆலையும் நிறுவப்பட்டது. அங்கே மண்ணெண்ணெய் வடிக்கப்பட்டது. ஆனால் மசகெண்ணெயின் அடியெண்ணெய் கப்பலேறி வந்து, சேர்க்கைகளோடு கலக்கப்பட்டே விற்பனைக்கு வரவேண்டியிருந்தது. தெற்கிலே வாங்கு பொருளாயிருந்த அது, தடைக்கோட்டைக் கடந்து வன்னிக்கு வரும்போது அரும்பொருளாயிற்று.

இங்கேதான் அக்காலத்து இயந்திரங்களின் உண்மையான இக்கட்டு இருந்தது. மண்ணெண்ணெய் முற்றாக எரியாது. குளிர்ந்த உருளைச் சுவரிற் படியும் எச்சம் அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிட்டுக் கீழிறங்கித் தொட்டியிற் கலக்கும். மண்ணெண்ணெயின் பிசுக்குமை மிகச் சிறிது. 30ஆம் இலக்க எண்ணெயிற் பத்தில் ஒரு பங்கு மண்ணெண்ணெய் கலந்தாற் போதும், அது 20ஆம் இலக்க எண்ணெயின் நிலைக்கு இறங்கிவிடும். பெற்றோல் கலந்தாலும் சூடேறிய எஞ்சினில் அது ஆவியாகி நீங்கும். எளிதில் ஆவியாகாத மண்ணெண்ணெயோ தொட்டியிலேயே தங்கும். அளவு பார்க்கும் கோலில் எண்ணெய் குறையாது நிற்கும். சிலவேளை கூடியும் தோன்றும். எண்ணெய் நிறைய இருக்கின்றது என்று எண்ணியிருக்கும்போதே அதன் காக்கும் ஆற்றல் கரைந்துபோயிருக்கும். கோல் காட்டுவது அளவையேயன்றிப் பிசுக்குமையை அன்று.

இதனோடு கந்தகத்தால் விளையும் அமிலமும், கோடையில் வன்னியின் செம்மண் தெருக்களில் எழும் புழுதியும் சேர்ந்தன. காற்று வடிகட்டியைக் கடந்து உட்புகும் மணற்றுகள் படலத்தின் தடிப்பிலும் பெரிதாயின் அது அரம்போல உருளையை அராவும். நல்ல எண்ணெயின் தடித்த படலத்துக்கு இடையூறு செய்யாத நுண்துகள், நீர்த்த எண்ணெயின் மெல்லிய படலத்தில் இருபுறமும் உரசும். வளையங்கள் தேய, மேலும் மண்ணெண்ணெய் கீழிறங்கும். எண்ணெய் மேலும் நீர்க்கும். தேய்வு மேலும் விரையும். நோய் தன்னைத் தானே வளர்க்கும் சுழல் இது.

டீசல் உழவு இயந்திரங்களின் நிலை சற்று வேறு. டீசல் எஞ்சின் மண்ணெண்ணெயை ஏற்று ஓடவல்லது. ஆயினும் எரிபொருளைப் பீச்சும் பம்பிகளுட் பல அவ்வெரிபொருளாலேயே மசகிடப்படுவன. டீசலுக்குள்ள வழுக்கும் தன்மை மண்ணெண்ணெய்க்கு இன்மையால், நுண்ணிய அளவிற் கடையப்பட்ட அவ்வுறுப்புகள் விரைந்து தேயும். எஞ்சின் நன்றாயிருக்கப் பம்பி முந்திக் கெடும்.

ஆகவே, நீர்த்த எண்ணெயை அடிக்கடி மாற்றவேண்டும் என்பது அறிவியலின் விதி. மாற்றுதற்குப் புதிய எண்ணெய் இல்லை என்பது தடைக்காலத்தின் நிலை. இம்முரணுக்கிடையே வண்டிகளை ஓடவைத்த பெருமை கராஜ்களிற் பணிபுரிந்த தொழிலாளரைச் சாரும். கடும் ஏற்றத்தைத் தவிர்த்து மெல்ல ஓட்டுதல், சூடேறுமுன் மண்ணெண்ணெய்க்கு மாற்றாதிருத்தல், காற்று வடிகட்டியைத் துப்புரவாக வைத்திருத்தல், எண்ணெயை விரலிடை தேய்த்து அதன் பிசுக்கையும் மணத்தையும் அறிதல் ஆகியன பொறியியல் நூல் கூறும் விதிகளுக்கு இயைந்தனவே. நூல் இல்லாவிடத்துப் பட்டறிவே நூலாயிற்று.

தாவர எண்ணெய்கள்

பிறநாட்டு வரலாற்றிலும் இதற்கு ஒப்புமை உண்டு. 1990இல் பப்புவா நியூகினி அரசு பூகன்வில் தீவை முற்றுகையிட்டபோது, அத்தீவு மக்கள் தேங்காயெண்ணெயை எரிபொருளாக்கித் தம் வண்டிகளை ஓட்டினர். தேங்காய் வளம் உடைய மக்களுக்கு அது கைவந்தது.

மசகுக்குத் தாவர எண்ணெய் ஆகுமா என்னும் வினாவுக்கு ஆமணக்கெண்ணெய் விடை தருகின்றது. முதலாம் உலகப் போரில் சுழலெஞ்சின் பூட்டிய ஆகாய விமானங்களுக்கு அதனையே இட்டனர். எரிபொருளும் எண்ணெயும் ஒருங்கே புகும் அவ்வெஞ்சினில், பெற்றோலோடு எளிதிற் கரையாத ஆமணக்கெண்ணெய் தன் பிசுக்குமையை இழவாது நின்றமையே காரணம். காஸ்ரோல் என்னும் புகழ்பெற்ற எண்ணெயின் பெயரும் ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து ஆக்கப்பட்டதே. எனினும் தாவர எண்ணெய்கள் வெப்பத்தில் விரைந்து கெட்டுப் பிசினாகி, வளையங்களை ஒட்டவைத்து எண்ணெய் வழிகளை அடைத்துவிடும். தேங்காயெண்ணெயோ 25 பாகை அளவிலேயே உறையத் தொடங்கும். ஆகவே ஆபத்துக்கு உதவுவனவாயினும் நெடுங்காலக் காவலுக்கு இவை ஏற்றன அல்ல.

தடை நீங்கியபின்

2002 ஜனவரியிற் பொருளாதாரத் தடையின் பெரும்பகுதி நீக்கப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரியிற் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஏப்ரலில் முகமாலை வழியாக ஏ-9 வீதி திறக்கப்பட்டது. பெற்றோலும் எண்ணெயும் வன்னிக் கடைகளுக்கு வந்தன. 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டபோது பழைய இடர் திரும்பிற்று. 2008, 2009ஆம் ஆண்டுகளின் இடப்பெயர்வுகளில் உழவு இயந்திரப் பெட்டியே பல குடும்பங்களுக்கு வீடாயிற்று. மூட்டைகளையும் முதியோரையும் குழந்தைகளையும் சுமந்து கிழக்கு நோக்கிச் சென்ற அவ்வியந்திரங்கள் வழியில் நின்றுபோகாதிருத்தல் உயிரோடு தொடர்புடைய காரியமாயிற்று. மில்லிமீற்றரின் ஆயிரத்தொரு கூறளவான எண்ணெய்ப் படலத்தின் மீது மனிதர் வாழ்வு தங்கியிருந்தது என்பது மிகைக் கூற்றன்று.

2009க்குப் பின் புதிய இயந்திரங்கள் வந்தன. அவற்றோடு புதிய பிழைகளும் வந்தன. நான்கடி மோட்டார் சைக்கிளில் எஞ்சினையும் கிளச்சையும் ஒரே எண்ணெய் நனைக்கின்றது. உராய்வைக் குறைக்கும் சேர்க்கை மிகுந்த கார் எண்ணெயை அதில் ஊற்றின் கிளச்சு வழுக்கும். இதன் பொருட்டே ஜப்பானியர் ஜாசோ எம்.ஏ. என்னும் தனித்தரம் வகுத்தனர். விலை குறைவென்று, வடிகட்டி நிறமேற்றிய பழைய எண்ணெயை வாங்குவோர், தடைக்காலத்தில் வேறு வழியின்றி நேர்ந்த தீங்கைத் தாமே விலை கொடுத்து வாங்குகின்றனர். பழைய எண்ணெயிற் சேர்க்கைகள் தீர்ந்து அமிலமும் உலோகத்துகளும் மிகுந்திருக்கும். அதனைக் கிணற்றடியிலோ வயலிலோ ஊற்றுதலும் நிலத்துக்கும் நீருக்கும் கேடாகும்.

2022ஆம் ஆண்டு இலங்கை முழுவதும் எரிபொருளின்றித் தவித்தது. வடக்கே ஒரு காலத்தில் தனித்துப் பட்ட துன்பத்தின் ஒரு கூற்றை நாடு முழுவதும் அப்போது வரிசையில் நின்று அறிந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்தது. மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு எஞ்சின்களை நம்பிய முல்லைத்தீவுக் கடற்றொழிலாளருக்கு அது பேரிடியாயிற்று. இவ்வெஞ்சின்களுட் பலவற்றுக்கு எரிபொருளோடு கலக்கும் எண்ணெயே மசகு. செலவைக் குறைக்க அவ்வெண்ணெயின் அளவைக் குறைப்பின் எஞ்சினே இறுகி நின்றுவிடும். சேமித்தது ஒரு போத்தல் எண்ணெய், இழப்பது பிழைப்புக் கருவி என்றாகும்.

முடிவுரை

தடைக்காலத்து வன்னியில் மண்ணெண்ணெயால் வண்டி ஓட்டியதை அறியாமை என்று இகழ்வாரும் உளர். அற்புதம் என்று புகழ்வாரும் உளர். இரண்டும் பொருந்தா. எஞ்சினின் இயல்பை அறிந்து, தீங்கு இன்னதென்று தெரிந்து, தேய்வை விலையாகக் கொடுத்து ஓட்டத்தைப் பெற்ற செயல் அது. அவ்விலையைச் செலுத்தியவை உருளைகளும் வளையங்களும் தாங்கிகளுமாம். வேறு வழியின்மையால் அவ்விலை நியாயமாயிற்று. இன்று நல்லெண்ணெய் கடையிற் கிடைக்கும்போது, உரிய இலக்கமும் உரிய தரமும் நோக்காது, உரிய காலத்தில் மாற்றாது இயந்திரத்தைத் தேயவிடுதற்கு அந்நியாயம் இல்லை.

அக்காலத்து ஒஸ்ரின் வண்டிகளுட் சில இன்றும் வடபகுதி வீதிகளில் ஓடுகின்றன. அவற்றைக் காத்த கைகளின் அறிவு எழுத்தில் ஏறாதே மறைந்துகொண்டிருக்கின்றது. கராஜ்களில் முதுமையெய்தி வரும் அத்தொழிலாளரிடம் கேட்டு, அவர்தம் பட்டறிவைத் தேதியோடும் முறையோடும் பதிந்துவைத்தல் இளைய தலைமுறை மாணவர் மேற்கொள்ளத்தக்க பணியாகும்.